ஆடியோ இன்டர்ஃபேஸ் உயிரற்றுப் போனால்: வீட்டு ஸ்டுடியோ வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாலிகிராமத்தில் டப்பிங் குரல் கொடுப்பவர், மயிலாப்பூரில் இணையவழியில் வீணை கற்பிப்பவர், வேளச்சேரி அடுக்ககத்தின் ஓர் அறையில் பாடலுக்கு ட்ராக் போடுபவர் என்று சென்னையில் பலருடைய பிழைப்பு இன்று, மைக்கையும் இசைக்கருவியையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற ஒரு சிறிய பெட்டியை நம்பி நடக்கிறது. அது திடீரென்று வேலை செய்யாமல் போகும்போது, பதற்றத்தில் கேபிளையும் அடாப்டரையும் ட்ரைவரையும் (கருவியைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள்) ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால், பழுது எங்கே இருந்தது என்பது கடைசி வரை தெரியாது. பெட்டி போய்விட்டது என்று ஓரங்கட்டப்படும் கருவிகள் பலவற்றில் பழுது பெட்டிக்கு வெளியேதான் இருக்கிறது. சுவரில் உள்ள பிளக்கிலிருந்து தொடங்கி, மின்சாரம் எந்த இடம் வரை ஒழுங்காக வந்து எங்கே நின்றுபோகிறது என்று வரிசையாகப் பின்தொடர்வதே சரியான வழி. கீழே உள்ள பதில்கள் அந்த வரிசையை ஒட்டியே எழுதப்பட்டுள்ளன.

இன்டர்ஃபேஸ் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் எந்த நிலையில் இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். எந்த விளக்கும் எரியவில்லை என்றால் அது மின்வழிப் பழுது. விளக்கு எரிகிறது, ஆனால் கணினியின் பட்டியலில் பெயர் இல்லை என்றால் கேபிள், போர்ட், ட்ரைவர் அல்லது ஃபர்ம்வேரில் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) சிக்கல். பெயர் இருக்கிறது, ஒலி மட்டும் இல்லை என்றால் பெரும்பாலும் அமைப்புகளில் ஏதோ மாறியிருக்கிறது. கணினியில் பெயர் தெரிந்தால் அந்தக் கருவியைச் செத்தது என்று சொல்லக் கூடாது.

விளக்கே எரியவில்லை. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

தனி அடாப்டர் உள்ள கருவியானால், அதே பிளக்கில் செல்போன் சார்ஜரைச் செருகி அந்த பாயின்ட்டில் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். ஸ்பைக் பஸ்டர் இருந்தால் அதைத் தவிர்த்துவிட்டு நேரடியாகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள், ஏனெனில் பழைய ஸ்பைக் பஸ்டர்களின் சுவிட்ச் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே உள்ளே உள்ள பித்தளைப் பிடி தளர்ந்து, பின் சரியாகப் பதியாமல் போவது உண்டு. அடுத்து, அடாப்டரின் வயரை அதன் இரு முனைகளிலும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். விளக்கு ஒரு கணம் மின்னினால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது அல்லது ஜாக்கின் சால்டர் விட்டிருக்கிறது என்று பொருள்.

ரேக்கில் பொருத்தும் பெரிய கருவிகளில் மின்கம்பி செருகும் இடத்தை ஒட்டி ஒரு சிறிய ஃபியூஸ் இழுப்பறை இருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு ஃபியூஸை எடுத்து, மல்டிமீட்டரில் கண்டினியூட்டி, அதாவது உள்ளே கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள ஃபியூஸைத்தான் போட வேண்டும். மேலே ‘டி’ எழுத்து இருந்தால் அது மெதுவாக உருகும் வகை என்பதால் மாற்றாக வாங்குவதும் அதே வகையாக இருக்க வேண்டும். ஃபியூஸ் வயரைச் சுற்றிச் சமாளிக்கவே கூடாது. புதிய ஃபியூஸும் உடனே போய்விட்டால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. மூன்றாவது ஃபியூஸ் போடாமல் நிறுத்திவிடுங்கள்.

மல்டிமீட்டரில் அடாப்டர் 12 வோல்ட் காட்டுகிறது. அப்படியானால் அடாப்டர் நல்ல நிலையில்தானே இருக்கிறது?

அப்படிச் சொல்லிவிட முடியாது. பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். சுமை ஏதும் இல்லாமல் அளக்கும்போது, பழுதான அடாப்டர் கூடச் சரியான வோல்ட்டைக் காட்டும். அதன் உள்ளே, மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் என்ற பாகம் ஆண்டுக்கணக்கில் சூட்டில் காய்ந்து வலுவிழந்திருக்கும். இன்டர்ஃபேஸ் கரண்டை இழுக்கத் தொடங்கிய கணத்தில் வோல்ட் சரிந்துவிடும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். டூவீலர் உதிரிபாகக் கடையில் 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றை ஹோல்டருடன் வாங்கிக்கொள்ளுங்கள். அது ஏறக்குறைய 0.4 ஆம்பியர் இழுக்கும். 1 ஆம்பியர் அடாப்டருக்கு அது நியாயமான சுமை. பல்பின் இரு வயர்களை அடாப்டர் முனையில், ஒன்றை நடுத்துளையிலும் மற்றொன்றை வெளிக் குழலிலும் படுமாறு வைத்து, மீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து அதே இடத்தில் அளந்து பாருங்கள். இரு வயர்களும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும். நல்ல அடாப்டரில் பல்பு சீராக எரியும். மீட்டர் 12 வோல்ட்டை விட்டு அதிகம் நகராது. கெட்ட அடாப்டரில் பல்பு மங்கலாக எரியும், அல்லது விட்டுவிட்டுத் துடிக்கும், எண் 7 அல்லது 8 வோல்ட்டுக்கு இறங்கும். அடாப்டரைக் காதருகே பிடித்தால் ‘டிக் டிக்’ என்ற மெல்லிய ஓசையும் சில நேரங்களில் கேட்கும். இவ்வளவும் உறுதியானால் இன்டர்ஃபேஸை விட்டுவிட்டு அடாப்டரை மட்டும் மாற்றினால் போதும்.

வீட்டில் கிடக்கும் வேறு அடாப்டரைப் போட்டுப் பார்க்கலாமா?

முனை பொருந்துகிறது என்பதற்காக மட்டும் எதையும் செருகாதீர்கள். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும்; ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. ப்ளஸ் நடுவில் இருக்கிறதா வெளியில் இருக்கிறதா என்பதை அடாப்டரின் மேல் அச்சிட்ட சிறு வட்டப் படத்தில் பார்த்து, கருவியின் பின்புறம் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். கிட்டார் பெடல் அடாப்டர்கள் பலவற்றில் மைனஸ் நடுவில் இருக்கும்; அதை ப்ளஸ் நடுவில் கேட்கும் இன்டர்ஃபேஸில் செருகினால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடு போகும், அது இல்லாத கருவியில் அதைவிட விலையுள்ளவை போகும். இன்னும் சில பழைய கருவிகளுக்கு டிசி அல்ல, ஏசி வெளியீடு தரும் அடாப்டர்தான் வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த கருவியானால் இன்னொன்றையும் கவனியுங்கள். அடாப்டரில் 100–240 வோல்ட் என்று இருந்தால் கவலையில்லை. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் நம் ஊரின் 230 வோல்ட்டில் அது சில நிமிடங்களில் கருகிவிடும்.

என்னுடையது யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் வகை. இதை எப்படிச் சோதிப்பது?

யூஎஸ்பி 2.0 போர்ட் 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் வரை தரும், யூஎஸ்பி 3.0 போர்ட் 900 வரை தரும். விதிப்படி ஒரு கருவி கணினியோடு பேசி அனுமதி பெறும் வரை 100 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. பெற்ற பிறகே முழு அளவை எடுக்கும். சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் கிடைக்கும் சிறிய யூஎஸ்பி மீட்டரைக் கணினிக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகினால், இந்த உரையாடல் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை எண்களே சொல்லிவிடும்.

வோல்ட் 5 காட்டி, கரண்ட் பூஜ்யமாகவே இருந்தால் மின்சாரம் பெட்டிக்குள் போகவே இல்லை: கேபிள் அறுந்திருக்கலாம், யூஎஸ்பி ஜாக்கின் சால்டர் விட்டிருக்கலாம், உள்ளே ஃபியூஸ் திறந்திருக்கலாம். செருகியவுடன் வோல்ட் சரிந்து, கணினி கூடுதல் மின்சாரம் இழுக்கப்படுவதாக எச்சரித்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. அப்போது கருவியைக் கழற்றி, கணினியை முழுவதும் அணைத்து மீண்டும் போட்டால்தான் சில கணினிகளில் அந்த போர்ட் பழைய நிலைக்கு வரும். கரண்ட் 100க்குள்ளேயே அசையாமல் நின்றால் மின்சாரம் போகிறது, ஆனால் உள்ளே உள்ள சிப் எழவில்லை அல்லது டேட்டா வழி அறுந்திருக்கிறது. கருவிக்குக் கருவி எண்கள் மாறும் என்பதால், நன்றாக வேலை செய்யும் காலத்திலேயே ஒரு முறை அளந்து எழுதி வைத்திருப்பது மிகவும் உதவும்.

செல்போன் சார்ஜரில் செருகிப் பார்ப்பதும் நல்ல சோதனைதான். ஆனால் சில கருவிகள் கணினியோடு பேசிய பிறகே விளக்கை எரியவிடும். ஆகவே சார்ஜரில் எரியவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

விளக்கு எரிகிறது, ஆனால் கணினிக்குத் தெரியவில்லை. ஏன்?

கேபிளில் தொடங்குங்கள். யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு வயர்கள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு டேட்டாவுக்கு. சார்ஜ் செய்ய மட்டும் பயன்படும் மலிவான கேபிள்களில் டேட்டா வயர்களே இருக்காது. விளக்கு அழகாக எரியும், கணினியில் ஒன்றும் நடக்காது. அதே கேபிளில் ஒரு செல்போனைச் செருகி, கோப்புகள் கணினியில் தெரிகின்றனவா என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். கேபிள் 5 மீட்டருக்கு மேல் நீளமாக இருக்கக் கூடாது. ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப் இருந்தால் அதை நீக்கிவிட்டுக் கணினியில் நேரடியாகச் செருகுங்கள்.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரையும், மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யூஎஸ்பி பகுதியையும் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைச் செருகுங்கள். அடையாளம் தெரியாத யூஎஸ்பி டிவைஸ் என்று விண்டோஸ் சொன்னால் பலர் மனம் உடைந்துவிடுகிறார்கள். உண்மையில் அது நம்பிக்கை தரும் செய்தி. கருவி தன் டேட்டா கம்பி ஒன்றை ஒரு சிறு ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டுக்கு உயர்த்தினால்தான் ஏதோ செருகப்பட்டிருக்கிறது என்பதே கணினிக்குத் தெரியும். ஆகவே மின்சாரம் போயிருக்கிறது, கருவியின் ஒரு பகுதியாவது விழித்திருக்கிறது. அதன்பின் நடக்க வேண்டிய அறிமுகம்தான் தடைபட்டிருக்கிறது. கேபிள், போர்ட், ஃபர்ம்வேர் என்ற வரிசையில் பாருங்கள். ஃபர்ம்வேர் மேம்படுத்தும்போது கரண்ட் போயிருந்தால், தயாரிப்பாளர் சொல்லும் மீட்பு முறையில், சில பொத்தான்களை அழுத்திக்கொண்டே செருகிப் பலவற்றை எழுப்பிவிடலாம்.

ட்ரைவரைப் பொறுத்தவரை, 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1703 பதிப்பு முதல் யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2 என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றும் கருவிகளுக்கான ட்ரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. ஆனாலும் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஏஸியோ முறை வேண்டுமானால் தயாரிப்பாளரின் ட்ரைவர் தேவை. ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்குகளில் பழைய வகை ட்ரைவர்களை அனுமதிக்க, ரிகவரி என்ற மீட்பு நிலைக்குள் சென்று பாதுகாப்பு நிலையை மாற்ற வேண்டியிருக்கும். எல்லாவற்றையும்விடத் தெளிவான சோதனை வேறொரு கணினி. நண்பரின் லேப்டாப்பில் வேலை செய்தால் பெட்டியின் மீது பழி இல்லை.

கணினியில் பெயர் தெரிகிறது, ஒலி மட்டும் வரவில்லை.

மைக் ஒலியைக் கணினிக்குப் போகாமலே ஹெட்போனுக்குத் தரும் டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்தி, ஹெட்போனை மாட்டி, மைக்கில் பேசிப் பாருங்கள். உங்கள் குரல் கேட்டால் மைக் ப்ரீ ஆம்ப்பும் ஹெட்போன் ஆம்ப்பும் நன்றாக இருக்கின்றன. மீதி மென்பொருள் விஷயம். ஒலிப்பதிவின் வேகத்துக்குத் தாளம் காட்டும் கிளாக் துடிப்பு வெளியிலிருந்து வர வேண்டும் என்று அமைப்பு மாறியிருந்தால் கருவி வராத கிளாக்குக்காகக் காத்துக்கொண்டு வாயடைத்து நிற்கும். அதை இன்டர்னலுக்கு மாற்றுங்கள். சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண்) பதிவு மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸும் கருவியில் 44.1ம் இருந்தாலும் தொல்லை வரும். 2018இன் மேக்ஓஎஸ் மொஹாவே முதல் மைக்கைப் பயன்படுத்த ஒவ்வொரு செயலிக்கும் அனுமதி தர வேண்டும். தராவிட்டால் பதிவு ஓடும், வெறும் மௌனமே பதிவாகும்.

பேண்டம் பவர் போட்டவுடன் கருவி அணைந்துவிடுகிறது. இது பெட்டியின் பழுதா?

முதலில் கணக்கைப் பாருங்கள். பேண்டம் பவர் என்பது கண்டன்சர் மைக்குக்கு அதன் கேபிள் வழியாகவே கருவி தரும் 48 வோல்ட் மின்சாரம். கண்டன்சர் மைக் ஒன்று அதிகபட்சம் 10 மில்லிஆம்பியர் எடுக்கலாம். அது ஏறக்குறைய அரை வாட். அதை 5 வோல்ட்டிலிருந்து உயர்த்தித் தர, இழப்பையும் சேர்த்து, யூஎஸ்பியிலிருந்து சுமார் 120 மில்லிஆம்பியர் போகும். இரண்டு மைக் என்றால் 500இல் பாதியளவு அதற்கே செலவாகிவிடும். பெரும்பாலான மைக்குகள் இதைவிடக் குறைவாகவே எடுக்கும் என்றாலும், வலுவற்ற போர்ட்டிலும் மெல்லிய கேபிளிலும் இந்தக் கூடுதல் சுமையே கருவியை வீழ்த்தப் போதும். மைக் எதுவும் செருகாமல் 48 வோல்ட்டைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் அணைந்தால் பழுது பெட்டியில். மைக் கேபிளைச் செருகினால் மட்டும் அணைந்தால் அந்தக் கேபிளையும் மைக்கையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகுதான் இன்டர்ஃபேஸ் போனது. காரணம் என்னவாக இருக்கும்?

இரண்டு விதமாக நடக்கும். கரண்ட் திரும்பும் கணத்தில் அந்தப் பகுதியின் ஏசி, பிரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும்போது வோல்ட் தடுமாறும். இதைவிடக் கொடியது, மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பியான நியூட்ரல் அறுவது. மூன்று பேஸ் இணைப்புள்ள கட்டடத்தில் நியூட்ரல் விட்டுவிட்டால், சில வீடுகளில் விளக்கு மங்கும், வேறு சில வீடுகளில் 230க்குப் பதில் 300 வோல்ட்டைத் தாண்டிப் பாயும். ட்யூப்லைட் வழக்கத்துக்கு மாறாகப் பளீரென்று எரிந்தால் எதையும் யோசிக்காமல் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். சாதாரண ஸ்பைக் பஸ்டர் இதைத் தாங்காது. உயர் வோல்ட் வந்தால் துண்டிக்கும் கருவியோ ஆன்லைன் யூபிஎஸ்ஸோ வேண்டும். முன்கூட்டி அறிவித்த பராமரிப்பு மின்தடை நாளில் ஸ்டுடியோ பிளக்குகள் அனைத்தையும் கழற்றி வைத்து, கரண்ட் வந்து சில நிமிடங்கள் சென்ற பிறகு செருகுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழையிலும் இதையே செய்யுங்கள். இணைய இணைப்பின் செப்புக் கம்பி வழியாகவும் மின்னல் கணினிக்குள் வரும் என்பதால் அதையும் கழற்றுங்கள்.

வீட்டு இன்வர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால் அதில் ஸ்டுடியோவை ஓட்டாதீர்கள். பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்கள் அதில் சூடேறும், பதிவிலும் இரைச்சல் ஏறும்.

மைக்கில் உதடு பட்டால் சுரீரென்கிறது. ஆபத்தா?

எர்த் சரியில்லாத பிளக்கில், சார்ஜரின் வடிகட்டிக் கண்டன்சர் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் அது. பொதுவாக அளவு மிகச் சிறியது. ஆனால் உண்மையான கசிவும் இதேபோலத்தான் தொடங்கும் என்பதால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். எர்த் பின்னை நியூட்ரலோடு இணைத்துச் சரிக்கட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள். உயிரைப் பறிக்கும் வேலை அது.

கடற்கரைக்கு அருகில் வசிக்கிறேன். உப்புக் காற்று காரணமாக இருக்குமா?

நிச்சயமாக இருக்கலாம். பெசன்ட் நகர், திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பகுதிகளில் ஜன்னலைத் திறந்து வைக்கும் அறையில் இருக்கும் கருவியின் யூஎஸ்பி ஜாக்கை டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே உள்ள நான்கு தகடுகள் பொன்னிறமாகப் பளிச்சென்று இருக்க வேண்டும். ஓரத்தில் பச்சை பூத்தோ, கறுத்த புள்ளி வைத்தோ இருந்தால் தொடுகை கெட்டிருக்கிறது. கருவியைக் கழற்றிவிட்டு, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த மென்மையான தூரிகையால் துடைத்து, முழுவதும் உலரவிட்ட பிறகு செருகுங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்துக்குள் நீர் புகுந்ததைப் போன்ற நேரங்களில் நனைந்த கருவிக்கு ஒரே விதிதான்: வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக மின்சாரம் கொடுக்காதீர்கள். நீரால் மட்டும் கெடுவது குறைவு. நீரோடு மின்சாரமும் சேரும்போதுதான் போர்டின் செப்புத் தடங்கள் அரித்துப் போகின்றன. அப்படியே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய்ப் போர்டைக் கழுவி உலர்த்தச் சொல்லுங்கள்.

பழைய ஃபயர்வயர் இன்டர்ஃபேஸை உயிர்ப்பிக்க முடியுமா?

ஃபயர்வயர் என்பது யூஎஸ்பியைப் போன்ற ஒரு பழைய இணைப்பு வகை. பெட்டி நன்றாக இருந்தாலும் கணினி கைவிட்டிருக்கும். 2025இல் வந்த மேக்ஓஎஸ் 26இல் ஃபயர்வயர் ஆதரவே நீக்கப்பட்டுவிட்டது. பழைய கணினி ஒன்றை அதற்கென்றே வைத்திருந்தால் ஓட்டலாம். ஆறு பின் ஃபயர்வயரில் 30 வோல்ட் வரை மின்சாரம் வரக்கூடும். முனையைத் திருப்பி அழுத்திச் செருகினால் போர்ட் அங்கேயே போய்விடும்.

நானே பெட்டியைத் திறந்து பார்க்கலாமா?

வாரன்ட்டி இருந்தால் திறக்கக் கூடாது. மெயின் கரண்ட் நேரடியாக உள்ளே செல்லும் கருவியானால், பழக்கமில்லாதவர் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பின்னும் அதன் பெரிய கண்டன்சரில் சுமார் 325 வோல்ட் தங்கியிருக்கும். 5 அல்லது 12 வோல்ட்டில் ஓடும் பெட்டியை, எல்லா இணைப்புகளையும் கழற்றிவிட்டுத் திறக்கலாம். ஜாக்கின் கால்களைச் சுற்றி முடி போன்ற வட்ட விரிசல் சால்டரில் இருக்கிறதா, கண்டன்சரின் தலை உப்பியிருக்கிறதா, ஜாக்கை அடுத்துள்ள டயோடு கருகியிருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் நுழையும் இரு முனைகளுக்கிடையே மீட்டர் விடாமல் ‘பீப்’ என்றால் அந்தப் பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். சில ரூபாய் விலையுள்ள பாகம்தான். அதை மாற்றியதும் பெட்டி எழுந்து உட்காருவதும் உண்டு.

பழுதுபார்க்கக் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? எப்போது புதியது வாங்குவது?

முறையான பில்லோடு வாங்கியிருந்தால் இறக்குமதியாளரின் சர்வீஸ் மையம்தான் முதல் வழி. பர்மா பஜாரிலோ வெளிநாட்டிலோ வாங்கிய கருவிக்கு இங்கே பெரும்பாலும் வாரன்ட்டி கிடைக்காது. ரிச்சி தெருவை ஒட்டிய கடைகளிலும், பதிவுக்கூடங்களுக்கு வேலை செய்யும் டெக்னீஷியன்களிடமும் கேட்கலாம். போர்டில் சிப் அளவில் வேலை செய்பவரா என்று விசாரித்துக்கொண்டு கொடுங்கள். ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், எந்தச் சோதனையில் என்ன எண் வந்தது, கடைசியாக வேலை செய்தபோது என்ன நடந்தது என்பதை ஒரு தாளில் எழுதி, அடாப்டரையும் கேபிளையும் சேர்த்தே கொடுங்கள்.

மின்வழி, ஜாக், கண்டன்சர் பழுதுகளுக்குச் செலவழிப்பது தகும். முக்கியச் சிப்பே போயிருந்தால், அல்லது செலவு புதிய கருவியின் விலையில் பாதியைத் தாண்டினால், நான் புதியது வாங்கவே சொல்வேன். திரும்பப் பெறும்போது கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். கடையிலேயே இரண்டு சேனல்களிலும் மைக் மாட்டி, 48 வோல்ட்டைப் போட்டு, ஒரு மணி நேரம் தொடர்ந்து பதிவை ஓடவிட்டு, பெட்டியின் அடிப்பாகம் கை வைக்க முடியாத அளவு சூடாகவில்லை என்பதையும் பதிவில் இடைவெட்டு இல்லை என்பதையும் சரிபார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.